வரிசையில் இரண்டாவது பெயர்

என் தோழி விமானம் ஏறிய அன்று காலையில் எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அசிடிட்டி என்று சொன்னேன். என் கணவர் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். போட்டுக்கொண்டேன். அந்த எரிச்சலுக்கு மாத்திரை கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன் வெயிலில் நடந்து போய் வாங்கி வந்ததை எதற்கு வீணாக்குவது?

நானும் அவளும் கணக்குப் படித்தவர்கள். ஒரே வழிகாட்டியிடம் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகத் திட்டு வாங்கி, அடுத்தடுத்து முனைவர் பட்டம் வாங்கினோம். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஆளுக்கொரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்குக் கணக்கு நடத்துகிறோம். மாணவர்கள் பாதிப்பேர் தூங்குவார்கள். மீதிப்பேர் எப்போது தூங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆராய்ச்சி என்பது அங்கே யாரும் கேட்காத விஷயம். அதை நாங்கள் வார இறுதியில் படப்பையில் அவள் வீட்டு மாடியில் செய்தோம்.

மனைப்பிரிவில் புதிதாகக் கட்டிய வீடு அது. மாடியில் ஓர் அறைக்கு சிமென்ட் பூச்சோடு வேலை நின்றுவிட்டது. பெயின்ட் அடிக்காத அந்தச் சாம்பல் நிறச் சுவர்தான் எங்கள் கரும்பலகை. சாக்பீஸ் அதில் அழகாகப் பிடிக்கும். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி நின்று பார்த்து, "இது தப்பு" என்பாள். எழுதியவள் சண்டைக்கு வருவாள். பிறகு இருவரும் உட்கார்ந்து டீ குடிப்போம். இப்படித்தான் அந்தக் கட்டுரை உருவானது.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். கட்டுரையை இந்த இதழுக்கு அனுப்பாதே, அவர்கள் நம்மை மதிக்கவே மாட்டார்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். அனுப்பிவிட்டு வந்து சொன்னாள். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்காராதே, மழைச்சேறு அடிக்கும் என்பேன். ஓரத்தில்தான் உட்காருவாள். சேறு என் புடவையில்தான் அடிக்கும்.

கணிதக் கட்டுரைகளில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் சேர்ந்து எழுதினாலும் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் போடுவோம். மற்ற துறைகளில் முதல் பெயர் யாருடையது என்று ஆய்வகத்துக்குள் அடிதடியே நடக்கும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சேர்ந்து யோசித்த விஷயத்தில் யார் எவ்வளவு யோசித்தார் என்று எடை போட முடியாது என்பதுதான் அதற்குக் காரணம். இதைக் கேள்விப்பட்ட புதிதில் எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு நாகரிகமானவர்கள் நாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பெயர் ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் தொடங்கும். என் பெயர் கடைசி எழுத்துகளுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்திலிருந்தே வருகைப் பதிவில் வால் நான்தான். அதில் வசதியும் இருந்தது. வாய்மொழித் தேர்வில் கடைசி ஆளாக உள்ளே போவேன். முன்னால் போனவர்கள் கேள்வியையும் பதிலையும் வாசலிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆக, பெயர் கடைசியில் இருப்பதற்காக நான் அதுவரை வருத்தப்பட்டதே இல்லை.

உலகம் முழுவதும் இருந்து கணிதம் செய்கிறவர்கள் கூடும் மாநாடு ஒன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும். எங்களுக்கு அதுதான் திருவிழா. புத்தகத்தில் பெயராக மட்டும் படித்தவர்களை அங்கே டீ வாங்கும் வரிசையில் பார்க்கலாம் என்று எங்கள் வழிகாட்டி சொல்வார். அவரும் போனதில்லை. எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்களுக்கு நுழைவுக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் மாநாட்டுக்காரர்களே தருகிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் விண்ணப்பித்தோம். ஒரே வாரத்தில் இருவருக்கும் சம்மதம் வந்துவிட்டது. எங்கள் கட்டுரையைப் பற்றிச் சிறிய உரை ஒன்றும் நிகழ்த்தலாம் என்றார்கள்.

விமானச் செலவு மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கல்லூரியில் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "லீவு வேணா தர்றோம் மேடம், சம்பளமில்லாம" என்று தாராளமாகச் சொன்னார். வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டோம். பதிலே வரவில்லை. அடுத்த மாநாடு வரும்போது இளம் ஆய்வாளர் என்ற வரம்பை நாங்கள் இருவருமே தாண்டியிருப்போம். அதன்பின் எவரும் எங்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் கொடுத்துக் கூப்பிடப் போவதில்லை. போனால் இந்த முறை போக வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என் வீட்டுக்குள்ளேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. என் கணவர் டிப்ளமோ படித்தவர். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புது இயந்திரம் வாங்கியபோது அதை ஓட்டப் பழகி வரச் சொல்லி அவரைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை. சூப்பர்வைசர் வந்து, "பாஸ்போர்ட் கீதா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அங்கே போடுவதற்கு ஒரு தடித்த ஜாக்கெட்டும் கம்பெனியே வாங்கிக் கொடுத்தது. திரும்பி வந்து அவர் சொன்ன ஒரே விஷயம், அங்கே சோறு குழைந்துபோய் இருக்கிறது என்பதுதான். அதைக் கேட்டபோதே எனக்கு எரிந்தது. மேகத்துக்கு மேலே போய் வந்தவர் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே!

அவர்தான் அந்தச் செய்தியையும் கொண்டு வந்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் இன்னொரு கம்பெனி, சமூக நலனுக்கு ஒதுக்கிய தொகையில் இந்தப் பகுதியைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் ஒருவரை வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பப் போகிறதாம். கம்பெனி பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒருத்தர் மட்டுமா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர்தான். நீ போடு. உனக்குக் கெடைக்காம வேற யாருக்குக் கெடைக்கும்? இந்த ஏரியாவுல கணக்குல ஆராய்ச்சி பண்றவங்க யாரு கீறாங்க?"

"அவளும் இருக்கா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அத்த சொல்லாத வுட்ரு" என்றார்.

சொல்லாமல் விட நினைத்தேனா என்றால், பஸ் நிறுத்தம் வரை நடக்கும் நேரத்துக்கு நினைத்தேன். பிறகு போன் செய்து சொல்லிவிட்டேன். அவளுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. "நானே உனக்குச் சொல்லணும்னு இருந்தேன்டி" என்றாள். நம்பினேன். யார் போகிறாளோ அவள் கட்டுரையைப் பற்றிப் பேசுவது, போகாதவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போதே ஒப்பந்தம் போட்டோம். அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பாதி எனக்காகவே போட்டது என்று அப்போது தெரியவில்லை.

நேர்காணலுக்கு எங்களை வெவ்வேறு நாளில் அழைத்தார்கள். அவள் முதலில், நான் மறுநாள். அதுவும் எழுத்து வரிசைதான் போலிருக்கிறது. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். இன்டர்வியூ என்றேன். அவர் என்னைக் கொண்டுபோய் வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார். என் மாணவர்கள் வயதுப் பெண்கள். பக்கத்தில் இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அக்கா, ஐடிஐயா, டிப்ளமோவா?" என்றாள். நான் முனைவர் பட்டம் என்றேன். "அய்யோ, அதுக்கெல்லாம் இங்க எடுக்க மாட்டாங்கக்கா" என்றாள் பாவமாக.

யாரோ தேடி வந்து அழைத்துப் போனார்கள். காலுக்கு அளவில்லாத பாதுகாப்பு ஷூவைக் கொடுத்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோடுகளுக்கு நடுவிலேயே நடக்கச் சொன்னார்கள். போகும் வழியில் சுவர் முழுக்கப் பலகைகள். தொழிலாளிகள் குழுவாகச் சேர்ந்து வேலையில் செய்த சின்னச் சின்ன முன்னேற்றங்களை அதில் படத்தோடு ஒட்டி வைத்திருந்தார்கள். கைசன் என்பார்கள் அதை. என் கணவர் வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தி வைத்தால்கூட கைசன் என்பார். ஒவ்வொரு தாளிலும் கீழே பெயர்கள் இருந்தன. முதல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதை நான் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அறையில் இரண்டு பேர். ஒருவர் அந்தத் தொழிற்சாலைக்கே தலைவர், தெற்கத்திக்காரர். இன்னொருவர் எச்ஆர் மேடம். என் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள் என்று தெரியும், தயாராகத்தான் போயிருந்தேன். புள்ளிகளையும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளையும் பற்றியது எங்கள் கட்டுரை. "உங்க லைன்ல ரோபோ ஒரு இடத்துல வெல்டிங் வெச்சுட்டு அடுத்த இடத்துக்குப் போகுது இல்லையா சார், எந்தப் பாதையில போனா ஒண்ணோட ஒண்ணு மோதாதுன்னு யோசிக்கிறதுக்கு இது அடிப்படை" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மனதுக்குள் பெட்டி கட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது எச்ஆர் மேடம் தாளை அவர் பக்கம் திருப்பி, பெயர்கள் இருந்த இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினார்.

"ஏம்மா, இதுல ஒங்க பேரு ரெண்டாவதால்லா இருக்கு? அப்ப அவங்களுக்கு நீங்க ஒத்தாசையா இருந்தீங்க, அப்படித்தான?" என்றார் அவர்.

"இல்ல சார். கணக்குல பேர எழுத்து வரிசைப்படிதான் போடுவோம். ரெண்டு பேரும் சமமா செஞ்சதுதான்."

"ஓ, அப்படியா?" என்றார். நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது.

"ஓகே மேடம், புரியுது" என்றார் எச்ஆர் மேடம்.

அந்தப் 'புரியுது' என்ன ரகம் என்று எனக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்த பையன், 'அன்னிக்கு ஜுரம் மேடம்' என்று சொல்லும்போது நான் சொல்வது அதுதான். அங்கே ஷிப்டுக்குத் தாமதமாக வந்து பஸ் வரவில்லை என்று சொல்கிறவர்களுக்கும் அவர் அப்படித்தான் சொல்வாராக இருக்கும். இரண்டாவது இடத்தில் இருக்கும் யாரும் சொல்லக்கூடியதைத்தானே நானும் சொன்னேன்! முதல் இடத்தில் இருப்பவள் வாயிலிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஷூவைக் கழற்றும்போதே எனக்குள் கேள்வி எழுந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து எச்ஆர் மேடம் போன் செய்தார். "வாழ்த்துகள் மேடம்" என்று தொடங்கினார். என் நெஞ்சு துள்ளியது. "உங்க டீம் லீடர் செலக்ட் ஆகியிருக்காங்க" என்று முடித்தார்.

டீம் லீடர்! யாருக்கு யார் லீடர்? ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டு, "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று சொன்னேன். பிறகு வகுப்புக்குப் போய், பாவம், அந்தப் பிள்ளைகளுக்குத் திடீர்த் தேர்வு வைத்தேன்.

அவள் போனில் அழுதாள். "நீயும் வந்திருக்கணும்டி" என்றாள். நான் நல்ல வார்த்தைகள் எல்லாம் சொன்னேன். ஆனால் நேர்காணலில் அவளிடம் அந்தப் பெயர்க் கேள்வியைக் கேட்டார்களா, அவள் என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும். பதில் வந்தால் என் சந்தேகம் போய்விடும். அந்தச் சந்தேகம் அப்போது எனக்குத் தேவைப்பட்டது. 'ஒன்றும் சொல்லாமல் சிரித்திருப்பாள்' என்று நானே எழுதிக்கொண்டேன். 'பொய் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் வாயையும் திறந்திருக்க மாட்டாள். லீடர் என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டுமே என்று விட்டிருப்பாள்.' இப்படி நினைத்துக்கொண்டால் சோறு இறங்கியது.

அதுவரை செய்யாத ஒரு வேலையையும் செய்ய ஆரம்பித்தேன். கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு எது யாருடையது என்று பங்கு பிரித்தேன். எங்கள் ஊரில் கம்பெனிகளுக்கு நிலம் போனபோது அண்ணன் தம்பிகள் வரப்பில் நின்று கயிறு பிடித்து அளந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான். முதல் பகுதி அவளுடையது, அது வெறும் முன்னுரைதானே. இரண்டாம் பகுதி இருவருக்கும். மூன்றாம் பகுதி என்னுடையது. அதுதான் கட்டுரைக்கே உயிர். அதை நான் ஷேர் ஆட்டோவில் ஒரகடம் சிக்னலில் நிற்கும்போது கண்டுபிடித்தேன் என்பது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. அந்த ஆட்டோவில் அவளும் இருந்தாளா என்பது மட்டும் ஞாபகத்துக்கு வர மறுத்தது.

கம்பெனி வாசலில் அவள் படம் போட்ட பெரிய பேனர் கட்டினார்கள். 'எங்கள் மண்ணின் கணித மேதை' என்று எழுதியிருந்தது. எங்கள் கல்லூரிப் பேருந்து தினமும் சிக்னலுக்காகச் சரியாக அதன் எதிரில் நிற்கும். பக்கத்து இருக்கை இயற்பியல் மேடம் ஒவ்வொரு நாளும், "இவங்க உங்க ஃபிரண்டுதானே?" என்பார். ஒவ்வொரு நாளும், "ஆமாம்" என்பேன்.

பாராட்டு விழாவுக்கு அவள் என்னை விடாப்பிடியாக இழுத்துப் போனாள். வர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள்தான் சொன்னால் கேட்க மாட்டாளே. தொழிற்சாலை கேன்டீனில் காலை ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவில் விழா. நீலச் சட்டை போட்டவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சின்ன கியர் சக்கரம் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஹெல்ப் பண்ணவங்க" என்று அறிமுகப்படுத்தி ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் அவர்கள் எடுத்த புகைப்படத்தில் பார்க்கலாம். பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன்.

பிறகு தலைவர் பேச எழுந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நேர்காணல்ல இவங்ககிட்ட நான் கேட்டேன். 'ஏம்மா, ஒங்க பேருதான மொதல்ல இருக்கு, அப்ப நீங்கதான் இதுல லீடர்?' இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'இல்ல சார், கணக்குல பேர எழுத்து வரிசைப்படிதான் போடுவோம், ரெண்டு பேரும் சமமா செஞ்சதுதான்'னு சொன்னாங்க. பாருங்க, என்ன ஒரு அடக்கம்! என்ன ஒரு பெருந்தன்மை! மொதல்ல இருக்கவங்க, கூட வேலை செஞ்சவங்கள விட்டுக்கொடுக்காமப் பேசுதாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவங்கதான்னு."

கேன்டீனே கைதட்டியது. நானும் தட்டினேன், பூங்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

நான் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் சொன்னபோது பெருந்தன்மை. நான் சொன்னபோது சாக்கு. எச்ஆர் மேடம் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தத் தலைவர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் அதிகம். அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்று நம்பித்தானே இத்தனை நாள் தாக்குப்பிடித்தேன்! உள்ளதைச் சொல்லி, அதையும் பிடுங்கிக்கொண்டாளே. இனி எந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் அவளை வெறுப்பது?

திரும்பும்போது படப்பை ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவள் வழக்கம்போல ஓரத்தில் உட்கார்ந்தாள். பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். ஆட்டோ வஞ்சுவாஞ்சேரியைத் தாண்டியது. பிறகு, "உன்னக் கேட்டதுக்கு நீயும் இதத்தான் சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

"அப்பறம் ஏன்டி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கணக்குப் படித்தவள் இல்லையா, மீதியை அவளே போட்டுப் பார்த்துக்கொண்டாள். முகம் சிறுத்துப்போனது. நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணு பண்றேன்" என்றாள். "அங்க பேசும்போது மொத ஸ்லைடுல உன் பேர முன்னாடி போட்டுடறேன்."

வெளியே இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் ஆட்கள் கூடியிருக்கும் அரங்கில் எழுத்து வரிசை மாறிப் பெயர் வந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். யாருமே மாற்றாத வரிசை அது. மாற்றியிருக்கிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான்: முதல் பெயர்க்காரிதான் எல்லாவற்றையும் செய்தாள், மேடையில் நிற்கிறவள் கூடமாட இருந்தவள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "பாக்குறவன் நீ ஒண்ணுமே செய்யலன்னு நெனப்பான்."

"நெனச்சுக்கட்டும். இங்க உன்ன நெனச்சாங்கல்ல?"

"வேணாம். வரிசைப்படியே போடு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

அவள் என்னையே பார்த்தாள். இன்னொரு முறை கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். ஆட்டோக்காரர் படப்பை, படப்பை என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அவள் இறங்கிக்கொண்டாள்.

அதற்குள் மனம் எவ்வளவு வேலை செய்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அந்த ஸ்லைடை நான் பார்த்துவிட்டேன். பெரிய அரங்கம், பெரிய திரை, முதலில் என் பெயர். டீ வரிசையில் நிற்கும் பெரிய மனிதர்கள், 'யார் அது, ஏன் வரவில்லை?' என்று கேட்கிறார்கள். வீடு வந்து சேரும்வரை இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் நான் சொன்னதை எங்கே கேட்கப் போகிறாள் என்று ஒரு நம்பிக்கை வந்தது. என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

கிளம்புவதற்கு முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்தாள். அங்கே குளிராக இருக்குமாம். என் கணவரின் கொரியா ஜாக்கெட்டை இரவல் கேட்டாள்.

"அத்துக்கின்னா, எடுத்துக்குங்க. பீரோவுலதான் சும்மா தொங்கினுகீது" என்று அவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஜாக்கெட் ஒருமுறை விமானத்தில் போய் வந்தாயிற்று, இரண்டாம் முறையும் போகப்போகிறது. அதைத் துவைத்து மடித்து வைக்கும் நான் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள்கூடப் போனதில்லை. துணியின் மேல் பொறாமைப்பட்டவள் இந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உரையை ஒத்திகை பார்க்கக் கடைசியாக ஒருமுறை படப்பை மாடியில் கூடினோம். அவள் டீ போடக் கீழே போனபோது நான் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பழைய சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது. மூன்றாம் பகுதியின் முதல் வரியைத் தேடினேன். அது என் கையெழுத்து என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. பார்த்தேன். என்னுடையது மாதிரியும் இருந்தது, அவளுடையது மாதிரியும் இருந்தது. இருவரும் ஒரே ஆளிடம் கற்றவர்கள், எழுத்தைக்கூட அவர் மாதிரியேதான் எழுதுகிறோம். அவள் டீயோடு வந்து, "இன்னாடி சுவத்தையே மொறைக்கிற?" என்றாள். "தப்பு ஏதாவது கீதான்னு பாக்குறேன்" என்றேன். அவள் கிண்டலுக்குப் பேசும் பாஷையில் நானும் பதில் சொன்னதில் சிரித்துவிட்டாள். ஒத்திகையில் நன்றாகப் பேசினாள். என்னைவிட நன்றாகப் பேசினாள் என்று எழுதவும் கை வலிக்கிறது. முதல் ஸ்லைடைக் காட்டவில்லை. "அது இன்னும் ரெடியாகல" என்றாள். என் நம்பிக்கை இன்னும் ஒரு பிடி வளர்ந்தது.

அவள் போனாள். மாத்திரை போட்டுக்கொண்ட கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

உரை நடந்த அன்று எனக்குத் தேர்வுக்கூடக் கண்காணிப்பு வேலை. போனை எடுக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். புடவைக்குள் செருகியிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. தாள்களை வாங்கி அடுக்கி, எண்ணிச் சரிபார்த்து, கட்டி ஒப்படைத்தேன். மாடிப்படி மூலையில் போய் நின்று எடுத்துப் பார்த்தேன்.

படம் அனுப்பியிருந்தாள். என் வீட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறாள். கையில் மைக். பின்னால் திரை. திரையில் எங்கள் கட்டுரையின் தலைப்பு, அதன் கீழே சின்னதாக இரண்டு பெயர்கள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். எழுத்து கலங்கியது. இன்னும் பெரிதாக்கி, பிறகு கொஞ்சம் சிறிதாக்கினேன். தெரிந்தது.

முதலில் அவள் பெயர். இரண்டாவது என் பெயர்.

கீழே ஒரு செய்தியும் இருந்தது. 'வரிசைப்படிதான் போட்ருக்கேன். உனக்குப் புடிக்காதத செய்ய மனசு வரல. சந்தோஷமா?'

சந்தோஷம் என்று பதில் போட்டேன். ஒரு பூவையும் சேர்த்து அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.